சிஸ்டம்டி இல்லாத லினக்ஸ்: எடை எங்கே குறைகிறது?

பழைய மடிக்கணினி மூச்சுத் திணறுகிறது என்று யாராவது சொன்னால், லினக்ஸ் தெரிந்தவர்களிடமிருந்து உடனே வரும் பதில்களில் ஒன்று, “சிஸ்டம்டி இல்லாத டிஸ்ட்ரோ போட்டுப் பாருங்கள், பறக்கும்” என்பது. சிஸ்டம்டி என்பது கணினி துவங்கும்போது மற்ற நிரல்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்; டிஸ்ட்ரோ என்பது லினக்ஸின் ஒரு வழங்கல். ஆன்டிஎக்ஸ், டெவுவான், வாய்டு, ஆல்பைன் என்று பெயர்களும் கூடவே வரும். போட்டுப் பார்த்தால் கணினி பல நேரங்களில் வேகமாகத்தான் ஆகிறது. ஆனால் அந்த வேகத்துக்குக் காரணம் சிஸ்டம்டி இல்லாததா? பெரும்பாலும் இல்லை. எடை வேறு, இனிட் எனப்படும் தொடக்க நிரல் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு டிஸ்ட்ரோ தேர்ந்தெடுப்பவர்கள், கொஞ்ச நாளில் ஏதோ ஒரு செயலி ஓடவில்லை என்று சலித்துப்போய்ப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அது வருத்தமான விஷயம். இந்த வழங்கல்களில் சில, உண்மையிலேயே அருமையான வேலைப்பாடு கொண்டவை.

சிஸ்டம்டியைத் தவிர்ப்பது என்றால் என்ன, அதனால் எது மாறுகிறது, எது மாறுவதில்லை, அதன் இடத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் எதை வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் தேர்வு எளிது.

எண் 1

கணினியை இயக்கியதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் வேலைகளை முடித்துவிட்டு ஒரே ஒரு நிரலைத் தொடங்கிவைக்கும். அதற்குக் கொடுக்கப்படும் எண் 1. பயனர் தரப்பில் பிறகு ஓடும் நிரல்கள் எல்லாம் அதன் வழிவந்தவைதான். பெற்றோர் நிரல் முடிந்துபோய்த் தனியாக நிற்கும் நிரல்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதும், அவை முடிந்ததும் கணக்கை மூடுவதும் இதன் வேலை. எண் 1 நின்றுபோனால் கர்னல் பானிக் ஆகி, கணினி அப்படியே உறைந்துவிடும். இந்த நிரலைத்தான் இனிட் என்கிறோம்.

லினக்ஸின் முதல் இருபது வருடங்களில் பெரும்பாலான இடங்களில் இருந்தது, யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் பாணியில் எழுதப்பட்ட சிஸ்வி இனிட். கணினி எந்த இயக்க நிலைக்குப் போக வேண்டும் என்று ஓர் அமைப்புக் கோப்பில் பார்த்துக்கொள்ளும். அந்த நிலைக்கான ஷெல் ஸ்கிரிப்டுகளை எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். வலைத்தொடர்பு கிடைக்கத் தாமதமானால் பின்னால் இருப்பவை காத்துக்கிடக்கும். தொடங்கிவைத்த சேவை (பின்னணியில் ஓடும் நிரல்) உயிரோடு இருக்கிறதா என்று அது பொதுவாகக் கவனிக்காது. ஒவ்வொரு சேவையும் தன் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். பிற்பாடு அதை நிறுத்தச் சொன்னால், அந்த எண் இன்னும் அதே சேவைக்குத்தான் சொந்தம் என்ற நம்பிக்கையில் ஸ்கிரிப்ட் செயல்படும். ஒரே சேவைக்கு டெபியன் டிஸ்ட்ரோவில் ஒரு ஸ்கிரிப்ட், ரெட் ஹாட்டில் வேறொன்று. சில ஸ்கிரிப்டுகள் நூற்றுக்கணக்கான வரிகள் நீளும். சிஸ்டம்டியை எதிர்ப்பவர்கள் சிலர் அந்தக் காலத்தைப் பொற்காலம்போலப் பேசுகிறார்கள். அது சரியல்ல. மாற்றம் தேவைப்பட்டது.

மாற்ற முயன்றவர்களில் உபுண்டுவும் உண்டு. 2006-லேயே அப்ஸ்டார்ட் என்ற இனிட்டைக் கொண்டுவந்தது. 2010-ல் ரெட் ஹாட் பொறியாளர் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸுடன் சேர்ந்து சிஸ்டம்டியை வெளியிட்டார். அதன் அடிப்படைக் கருத்துகள் வலுவானவை. ஒரு சேவை தயாராகும்வரை மற்றவை காத்திருக்க வேண்டாம். அது கேட்கப்போகும் சாக்கெட்டை (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயில்) முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கலாம். நிரல்களைக் குழுவாகப் பிரித்து வைக்கும் கர்னலின் சிகுரூப் வசதியால் ஒரு சேவை பெற்ற பிள்ளை நிரல்கள் அத்தனையையும் தவறாமல் பின்தொடரலாம். நீண்ட ஸ்கிரிப்டுக்குப் பதில், பத்து வரியில் ஒரு யூனிட் கோப்பு போதும். அது எல்லா டிஸ்ட்ரோவிலும் ஒன்றே. ஃபெடோரா 15 இதை 2011-ல் இயல்பாக ஏற்றது. ஆர்ச் 2012-ல் மாறியது. ரெட் ஹாட் நிறுவனப் பதிப்பு 7 இதனுடன் 2014-ல் வந்தது. டெபியன் 8-ம் உபுண்டு 15.04-ம் 2015-ல் வந்தபோது போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது.

சண்டை எதைப் பற்றியது

டெபியனில் அந்த முடிவு சுலபமாக வரவில்லை. 2014 பிப்ரவரியில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது; தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வென்றது. அதே ஆண்டு நவம்பரில் எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கும் பொதுத் தீர்மானம் வரை போனார்கள். அந்தக் களைப்பில் பலகாலப் பங்களிப்பாளர் ஜோயி ஹெஸ் டெபியனையே விட்டு விலகினார். ரஸ் ஆல்பெரி, காலின் வாட்சன், இயன் ஜாக்சன் மூவரும் தொழில்நுட்பக் குழுவிலிருந்து விலகினார்கள். சிஸ்டம்டியை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இரு தரப்பிலும் இழப்பு. அதே மாதம் டெவுவான் அறிவிக்கப்பட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தொடக்க நிரலுக்காக இவ்வளவா என்று தோன்றும். ஆனால் சிஸ்டம்டி தொடக்க நிரலோடு நிற்கவில்லை. கருவிகளைக் கண்டறியும் யூடெவ் 2012-ல் அதனுள் இணைக்கப்பட்டது. பயனர் உள்நுழைவைக் கவனிக்க லாகின்டி, பதிவுகளுக்கு ஜர்னல்டி, பெயர்த் தேடலுக்கு ரிசால்வ்டி, வலைத்தொடர்புக்கு நெட்வொர்க்டி, நேரத்துக்கு டைம்சிங்க்டி, 2020-ல் வீட்டு அடைவுகளுக்கு ஹோம்டி என்று குடும்பம் பெருகியது. இவை தனித்தனி நிரல்கள்தான், பலவற்றை அணைத்துவிடலாம். ஆனால் ஒரே திட்டத்தின் கூரையின் கீழ், ஒரே வெளியீட்டில் வருபவை. ஒன்றை மட்டும் கழற்றி வேறொரு கணினியில் மாட்டுவது சுலபமல்ல. டெஸ்க்டாப் சூழல்கள் லாகின்டியைச் சார்ந்து எழுதப்பட்டபோது, இனிட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மறைமுகமாகக் கை நழுவியது. எதிர்ப்பவர்களின் முக்கியமான வாதம் இதுதான். எனக்கும் இது நியாயமாகவே படுகிறது.

கோபத்தை வளர்த்த சம்பவங்களும் உண்டு. 2016-ல் வந்த 230-ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவருடைய பின்னணி நிரல்கள் எல்லாவற்றையும் கொன்றுவிடுவதை இயல்பாக்கியது. சர்வரில், வெளியேறிய பின்னும் நிரல்களை ஓட வைக்கும் டிமக்ஸ், ஸ்கிரீன் வைத்து இரவு முழுக்க வேலை ஓட்டும் பழக்கம் பல்லாண்டுகளாக உள்ளது; அது ஒரே புதுப்பிப்பில் உடையும். டெபியன் அந்த இயல்பைத் திருப்பி வைத்தது. அடுத்த ஆண்டு இன்னொன்று. யூனிட் கோப்பில் எண்ணில் தொடங்கும் பயனர் பெயரைக் கொடுத்தால், அதைச் செல்லாத பெயர் என்று ஒதுக்கிவிட்டு, சேவையை ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தில் ஓட்டியது சிஸ்டம்டி. இதைப் பிழையென ஏற்க முதலில் மறுத்தார்கள். பின்னர் நடத்தையை மாற்றினார்கள். பிழை எந்த மென்பொருளிலும் வரும். பிழையைச் சொல்ல வந்தவர்களிடம் பேசிய தொனிதான் பலரை விலக்கியது.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் இந்தப் பழைய வாதத்துக்குப் புது உயிர் கொடுத்தது. சுருக்கும் நூலகமான எக்ஸ்இசட்-டில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து அதைக் கண்டுபிடித்தார். எஸ்எஸ்ஹெச்சின் பரவலான வடிவமான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அந்த நூலகத்தைப் பயன்படுத்துவதே இல்லை. பின் எப்படி உள்ளே வந்தது? “நான் தயார்” என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவை எஸ்எஸ்ஹெச்சில் ஒரு திருத்தம் சேர்த்து, அதைச் சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்திருந்தன. சிஸ்டம்டி நூலகம் சுருக்கும் நூலகத்தை இழுத்துக்கொண்டு வந்தது. அந்தச் செய்தியை அனுப்ப உண்மையில் ஒரு சாக்கெட்டில் ஒரு வரி எழுதினால் போதும். சில மாதங்களில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 அதைத் தன் சொந்த நிரல்வரிகளிலேயே செய்துகொண்டது. வாய்டு, ஆல்பைன் போன்றவற்றில் இந்தச் சங்கிலியே இல்லை என்பதால் இந்த வழி அங்கே திறக்கவில்லை. பின்கதவு வைத்தது சிஸ்டம்டிக்காரர்கள் அல்ல. எப்போதும் தேவைப்படாத நூலகங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் மாற்றத்தை அவர்கள் ஏற்கெனவே தொடங்கியும் இருந்தார்கள். அவர்களைக் குற்றவாளியாக்குவது தவறு. ஆனால் சார்புகள் நீண்டால் தாக்கும் பரப்பும் நீளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அப்படியானால் எடை?

சரி, ரேம் கணக்குக்கு வருவோம். சிஸ்டம்டி, அதன் ஜர்னல்டி, லாகின்டி, யூடெவ் எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண டெஸ்க்டாப்பில் எடுப்பது சில பத்து எம்பி. ரன்இட் போன்ற சிறிய இனிட்டுகள் எடுப்பது ஓரிரு எம்பி. வித்தியாசம் உண்மைதான். ஆனால் உலாவியில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு போய்விடும். 64 எம்பி ரேம் உள்ள ரவுட்டருக்கு அந்தச் சில பத்து எம்பி பெரிய விஷயம். 2 ஜிபி மடிக்கணினிக்கு அல்ல.

எடையை நிர்ணயிப்பவை வேறு. முழு டெஸ்க்டாப் சூழலான க்னோமா, சாளரங்களை மட்டும் நிர்வகிக்கும் ஐஸ்டபிள்யூஎம்மா? பின்னணியில் கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும் சேவை ஓடுகிறதா? புளூடூத், அச்சுப்பொறி சேவைகள் கேட்காமலே தொடங்குகின்றனவா? நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம் எது? டெபியனையே மிகக் குறைந்தபட்சமாக நிறுவி, ஐஸ்டபிள்யூஎம் மட்டும் போட்டால், சிஸ்டம்டி இருந்தும் அது இலேசாக ஓடும். டெவுவானில் கேடிஇ என்ற முழு டெஸ்க்டாப் சூழலைப் போட்டால், சிஸ்டம்டி இல்லாவிட்டாலும் கேடிஇயின் எடை அப்படியேதான் இருக்கும்.

ஆனாலும் சிஸ்டம்டியைத் தவிர்க்கும் டிஸ்ட்ரோக்களில் பல இலேசாக இருப்பது தற்செயல் அல்ல. ஒவ்வொரு சார்பையும் “இது எதற்கு?” என்று கேட்கும் மனம்தான் இரண்டையும் செய்கிறது. இனிட்டைக் கேள்வி கேட்டவர்கள் மற்றவற்றையும் கேள்வி கேட்டிருக்கிறார்கள்; எடை குறைந்தது அதனால்.

ஆன்டிஎக்ஸ்

பழைய கணினி என்றால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். கிரீஸைச் சேர்ந்த, ஆன்டிகாபிடலிஸ்டா என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர் நடத்தும் திட்டம். டெபியன் நிலைப்பதிப்பை அடித்தளமாகக் கொண்டு, சிஸ்டம்டியை மட்டுமல்ல, லாகின்டியின் தனி வடிவமான இலாகின்டியையும் விலக்கியிருக்கிறார்கள். இதற்காகப் பல பேக்கேஜ்களை (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகள்) தாங்களே திருத்திக் கட்ட வேண்டியிருக்கிறது. சிறு குழுவுக்கு அது சாதாரண உழைப்பு அல்ல. 2023-ல் வந்த ஆன்டிஎக்ஸ் 23, டெபியன் 12 மேல் அமைந்தது. சிஸ்வி இனிட், ரன்இட் இரண்டுக்கும் தனித்தனிப் பதிப்புகள் கொடுத்தார்கள்; 32 பிட், 64 பிட் இரண்டும் உண்டு.

முழு டெஸ்க்டாப் சூழல் கிடையாது. ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம், ஹெர்ப்ஸ்ட்லஃப்ட்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளர்கள்தான். துவங்கிய நிலையில் ரேம் பயன்பாடு பெரும்பாலும் 200 எம்பியைச் சுற்றித்தான் நிற்கும். இந்த இலேசுக்குக் காரணம் முதலில் சாளர மேலாளர், பிறகு கவனமாகத் தேர்ந்த செயலிகள்; இனிட் கடைசியில்தான்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது லைவ் யுஎஸ்பி. பென்டிரைவில் வைத்து இயக்கி, நீங்கள் நிறுவும் செயலிகளையும் கோப்புகளையும் அதிலேயே சேமித்து வைக்கலாம். மாற்றியமைத்த அந்த அமைப்பையே புதிய ஐஎஸ்ஓ (நிறுவல் படக்கோப்பு) ஆக்கி இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகலாம். வன்வட்டு செத்துப்போன மடிக்கணினியை இப்படியே ஓட்ட முடியும். தோற்றம் பழசு, அமைப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். கட்டுப்பாட்டு மையம் ஒன்று உண்டு, ஆனால் முதல் வாரம் தடுமாற்றம் இருக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கணினிகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் உருவாக்கிய டெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் கணினிகளில் 2 ஜிபி ரேம் உள்ளவற்றுக்கு ஆன்டிஎக்ஸ் 64 பிட் பதிப்பு நன்றாகப் பொருந்தும். பழைய வன்வட்டை எடுத்துவிட்டு விலை குறைந்த எஸ்எஸ்டி போட்டால், எந்த இனிட்டை மாற்றினாலும் கிடைக்காத வேகம் கிடைக்கும்.

இதன் உறவுக்காரரான எம்எக்ஸ் லினக்ஸ் பற்றியும் கேட்பார்கள். எம்எக்ஸ் 23 வரை அதில் சிஸ்டம்டி நிறுவப்பட்டே இருக்கும், ஆனால் இயல்பாகத் துவங்குவது சிஸ்வி இனிட். துவக்கப் பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம். பயன்படுத்த ஆன்டிஎக்ஸைவிட எளிது, எடை அதைவிட அதிகம்.

டெவுவான்

டெவுவானின் குறிக்கோள் இலேசாக இருப்பது அல்ல. டெபியனாகவே இருப்பது, சிஸ்டம்டி மட்டும் இல்லாமல். முதல் நிலைப்பதிப்பு 2017 மே மாதம் வந்தது. டெபியன் 12-க்கு இணையான டெடலஸ் 2023-ல் வந்தது. பேக்கேஜ்களில் மிகப் பெரும்பாலானவை டெபியன் களஞ்சியத்திலிருந்து அப்படியே வருபவை. சிஸ்டம்டியைச் சார்ந்த சிலவற்றை மட்டும் தங்கள் பதிப்பால் மாற்றி வைக்கிறார்கள். நிறுவும்போதே சிஸ்வி இனிட், ஓப்பன்ஆர்சி, ரன்இட் இவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்.

டெபியன் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க ஏதுமில்லை, அதுதான் இதன் பலம். பலவீனமும் அதே இடத்தில்தான்: டெபியன் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இங்கே வேலையாக வந்து விழும். 2019 இறுதியில் டெபியன் மீண்டும் வாக்கெடுத்து, சிஸ்டம்டிக்கே முக்கியத்துவம், மாற்றுகளை ஆராய்பவர்களுக்கு ஆதரவு என்று முடிவு செய்தது. அதாவது மற்ற இனிட்டுகளுக்கான ஸ்கிரிப்டுகளைக் கொடுப்பது பேக்கேஜ் பராமரிப்பாளரின் கட்டாயக் கடமை அல்ல. டெவுவான் அந்த இடைவெளிகளை அடைத்துக்கொண்டே ஓடுகிறது. சிறிய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது நம்பகமான தேர்வு.

வாய்டு

மற்றவை வேறொன்றிலிருந்து கிளைத்தவை. வாய்டு தானாக எழுந்தது. நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வழி இயங்குதளத்தின் பங்களிப்பாளராக இருந்த ஹுவான் ரொமேரோ பார்தினேஸ், தான் எழுதிய எக்ஸ்பிபிஎஸ் பேக்கேஜ் மேலாளரைச் சோதிக்க 2008-ல் இதைத் தொடங்கினார். ஒரு கட்டத்தில் இதிலும் சிஸ்டம்டிதான் இருந்தது. 2014-ல் அதை விட்டுவிட்டு ரன்இட்டுக்கு மாறினார்கள். எதிர்ப்பு முழக்கம் போட்டுக்கொண்டு மாறாமல், பயன்படுத்திப் பார்த்துவிட்டு மாறியவர்கள் என்பதால் அவர்கள் தேர்வுக்கு என்னிடம் கூடுதல் மதிப்பு உண்டு.

ரன்இட், கெரிட் பாப்பே எழுதியது; டி. ஜே. பெர்ன்ஸ்டைனின் டெமன்டூல்ஸ் என்ற சேவைக் கண்காணிப்புக் கருவிகளின் கருத்துகளிலிருந்து வந்த வழித்தோன்றல். எண் 1 ஆக ஓடும் பகுதி சில நூறு வரிகள்தான்; சிஸ்டம்டி திட்டம் மொத்தமாக, ஆவணங்கள் உட்பட, பத்து லட்சம் வரிகளைத் தாண்டியது. ரன்இட் வேலை செய்யும் விதத்தைப் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். துவக்கம் மூன்று கட்டம்: முதலில் கணினியைத் தயார் செய்வது, பிறகு சேவைகளை ஓட்டுவது, கடைசியில் அணைப்பது. ஒவ்வொன்றும் ஒரு ஸ்கிரிப்ட். ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அடைவு. அதனுள் “ரன்” என்ற சிறிய ஸ்கிரிப்ட், பல நேரம் மூன்று நான்கு வரிதான். அந்த அடைவுக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி இணைப்பு) போட்டால் சில விநாடிகளில் சேவை ஓடத் தொடங்கும். சிம்லிங்க்கை நீக்கினால் நிற்கும். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கண்காணிப்பாளர் நிரல் நேரடிப் பெற்றோராக இருப்பதால், சேவை விழுந்தால் உடனே தெரிந்து மீண்டும் தொடங்கும். சிஸ்வி இனிட்டின் “எண்ணைக் கோப்பில் எழுதி ஊகிக்கும்” கோளாறு இங்கே இல்லை. அந்தக் கோளாறு சிஸ்டம்டி அளவுக்குப் பெரிய அமைப்பு இல்லாமலும் தீரும் என்பதற்கு ரன்இட் சான்று.

குறை? சேவைகளுக்கு இடையிலான வரிசையை ரன்இட் கவனிக்காது. தரவுத்தளம் எழும் முன் வலைச்செயலி எழுந்தால் அது விழும், திரும்ப எழும், மறுபடி விழும். தரவுத்தளம் வந்ததும் நிலைக்கும். ஒரு மடிக்கணினியில் இது பிரச்சினையே இல்லை. முப்பது சேவைகள் ஒன்றையொன்று நம்பியிருக்கும் சர்வரில் எரிச்சல் தரும். வாய்டின் அடிப்படை நிறுவலில் பதிவு சேகரிக்கும் சேவையும் இருக்காது. சாக்லாக் போன்ற ஒன்றை நீங்களே நிறுவ வேண்டும். இதை அறியாமல் ஏதாவது உடைந்த பிறகு பதிவைத் தேடிப் போனால் வெறும் அடைவுதான் இருக்கும்.

வாய்டு தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வகை. ஆனால் ஆர்ச் அளவுக்கு அவசரம் கிடையாது. பெரும்பாலான லினக்ஸில் உள்ள ஜிலிப்சி, அதைவிடச் சிறிய மசல் என்ற இரண்டு சி நூலகங்களுக்கும் தனித்தனிப் பதிப்பு தருகிறார்கள். டெஸ்க்டாப்புக்கு ஜிலிப்சி பதிப்பையே எடுங்கள். 2018-ல் நிறுவனர் தொடர்பிலிருந்து விலகியபோது தள முகவரியும் சில கணக்குகளும் அவரிடமே இருந்ததால் திட்டம் சிக்கலில் மாட்டியது. மற்றவர்கள் புதிய முகவரிக்கு மாற்றி, பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு மேலே கொண்டுவந்தார்கள். சிறிய டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்கும்போது நுட்பத்தைப் போலவே இதையும் கேட்க வேண்டும்: ஒருவர் போனால் திட்டம் நிற்குமா?

ஆல்பைன்

உண்மையான சின்னது இது. நடானேல் கோபா 2000-களின் நடுவில் தொடங்கினார். ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சிறு கருவிகளுக்கான லீஃப் என்ற திட்டத்திலிருந்து கிளைத்தது. 2014-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து மசல் நூலகம்; அன்றாடக் கட்டளைகளுக்குப் பிசிபாக்ஸ், சேவைகளுக்கு ஓப்பன்ஆர்சி, பேக்கேஜ்களுக்கு ஏபிகே. குறைந்தபட்ச நிறுவல் வட்டில் சுமார் 130 எம்பி. டாக்கர் கொள்கலன்களின் (செயலியை அதன் தேவைகளோடு அடைத்து ஓட்டும் பெட்டிகள்) அடித்தளமாக உலகம் முழுக்க இது பரவியதற்கு அதன் படக்கோப்பு சில எம்பிதான் என்பதே காரணம். கொள்கலனுக்குள் பொதுவாக இனிட்டே ஓடாது. அந்தப் புகழை ஓப்பன்ஆர்சி கணக்கில் எழுத முடியாது.

ஓப்பன்ஆர்சி, ஜென்டூ என்ற டிஸ்ட்ரோவுக்காக ராய் மார்பிள்ஸ் எழுதியது. சிஸ்டம்டிக்கும் சிஸ்வி இனிட்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஸ்கிரிப்டுகள்தான், ஆனால் “இதற்கு இது தேவை, இது முன்னால் வர வேண்டும்” என்று சார்புகளை எழுதலாம். எண் 1 ஆக வேறொன்று இருக்கும். ஆல்பைனில் அது பிசிபாக்ஸ். விழுந்த சேவையை எழுப்பும் வேலை கேட்டால் செய்யும், இயல்பாகச் செய்யாது.

ஆல்பைனை வட்டே இல்லாமல் நினைவகத்தில் ஓட்டும் முறை எனக்குப் பிடித்தது. யுஎஸ்பியிலிருந்து எல்லாம் ரேமுக்கு ஏறும்; நீங்கள் செய்த மாற்றங்களைச் சேமிக்கச் சொன்னால் மட்டுமே சேமிக்கும். மின்சாரம் திடீரென்று போனாலும் கோப்பு முறைமை கெடாது. மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் ஒரு சிறு சர்வருக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. ஆனால் டெஸ்க்டாப் என்றால் யோசிக்க வேண்டும். ஜிலிப்சிக்காகக் கட்டிய கூகுள் குரோம் போன்ற மூடிய நிரல்கள் மசலில் நேரடியாக ஓடாது. செயலியைத் தேவையான நூலகங்களோடு சேர்த்துத் தரும் ஃப்ளாட்பாக் வழியாகச் சுற்றி வர வேண்டும். ஃப்ளாட்பாக் வந்ததும் ஜிபி கணக்கில் வட்டு நிறையும். இலேசுக்காக வந்த பயணம் வீண்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்ச் பிடிக்கும், சிஸ்டம்டி வேண்டாம் என்பவர்களுக்கு 2017-ல் உருவான ஆர்டிக்ஸ்; ஓப்பன்ஆர்சி, ரன்இட், எஸ்6, டிஇனிட் என்ற நான்கு இனிட்டுகளும் கிடைக்கும். 1993 முதல் பாட்ரிக் வோல்கர்டிங் பராமரிக்கும் ஸ்லாக்வேர், பிஎஸ்டி பாணி ஸ்கிரிப்டுகளோடு அப்படியே நிற்கிறது, 15.0 பதிப்பு 2022-ல் வந்தது. முழு நிறுவல் பெரியது, சார்புகளை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். டைனி கோர் இருபது எம்பி சொச்சத்தில் வரைகலைத் திரையே கொடுத்துவிடும், 46 எம்பி ரேமில்கூட ஓடும். அன்றாடக் கணினியாக அது போதாது, மீட்பு வேலைக்கு நல்லது.

யார் சுமக்கிறார்கள்

லாகின்டியை மட்டும் பிரித்தெடுத்த இலாகின்டி, யூடெவிலிருந்து 2012-ல் ஜென்டூக்காரர்கள் கிளைத்த ஈயூடெவ் இரண்டும் இல்லாவிட்டால் மேலே சொன்ன பல டிஸ்ட்ரோக்களில் நவீன டெஸ்க்டாப்பே ஓடாது. சிஸ்டம்டி வேகமாக மாறும்போது இவற்றைப் பராமரிக்கும் சிலர் பின்னால் ஓட வேண்டும். 2025-ல் வந்த க்னோம் 49, தன் அமர்வு மேலாளரில் இருந்த சொந்தச் சேவை நிர்வாகத்தை நீக்கி, சிஸ்டம்டியை இன்னும் அழுத்தமாகச் சார்ந்தது. க்னோம் இல்லாமல் முடியாது என்பவர் சிஸ்டம்டி உள்ள டிஸ்ட்ரோவில் இருப்பதே நல்லது. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி, அல்லது வெறும் சாளர மேலாளர் போதும் என்பவருக்கு இப்போதைக்குக் கவலை இல்லை.

தமிழில் வேலை செய்பவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வாய்டு, ஆல்பைன் அடிப்படை நிறுவலில் தமிழ் எழுத்துரு இருக்காது. கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் நிறுவினால் தீர்ந்தது. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் சுமை என்று நினைத்தால், எக்ஸ்கேபி விசைப்பலகை அமைப்புகளிலேயே தமிழ்99 உண்டு, கூடுதல் நிரல் எதுவும் ஓடத் தேவையில்லை. ஆனால் தானாகப் புள்ளி வைக்கும் வசதி அதில் கிடைக்காது. வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் ஐபஸையோ எஃப்சிடிஎக்ஸையோ போட்டுக்கொள்வதே மேல். எக்ஸ்டெர்ம் போன்ற இலேசான டெர்மினல்களில் தமிழ் உடைந்துதான் தெரியும். மசல் நூலகத்தின் மொழிச்சூழல் ஆதரவு மிகக் குறைவு. கட்டளைவரியில் தமிழ்ச் சொற்களை அகரவரிசையில் அடுக்கினால் தமிழ் வரிசை வராது, யூனிகோட் எண் வரிசைதான் வரும். அகராதி வேலை, சொல்லடைவு வேலை செய்பவர்கள் ஜிலிப்சி உள்ளதை எடுங்கள்.

32 பிட் கணினி வைத்திருப்பவர்களுக்கு நேரம் குறைவு. 2025-ல் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. அதைச் சார்ந்தவற்றையும் அது பாதிக்கும். லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 145-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டது. நீண்டகால ஆதரவுள்ள 140 வரிசைக்குக் குறைந்தது 2026 செப்டம்பர் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். இயங்குதளம் எவ்வளவு இலேசாக இருந்தாலும், பாதுகாப்புத் திருத்தம் வரும் உலாவி இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. பல பழைய கணினிகளின் செயலி உண்மையில் 64 பிட். தொழிற்சாலையிலிருந்து 32 பிட் விண்டோஸோடு வந்ததால் 32 பிட் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். டிஸ்ட்ரோவைத் தேடும் முன், செயலியின் மாதிரிப் பெயரைப் பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். 64 பிட் என்றால் ஆன்டிஎக்ஸ் 64 பிட் ஐஎஸ்ஓவை ஒரு பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் லைவாகவே சில நாள் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு மூன்றும் வேலை செய்கின்றனவா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.